பூட்டு மாற்ற மூன்று பக்கம்

காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு நாலாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்தது. லிஃப்ட் வரவில்லை.

திறந்தவன் லிஃப்ட் மெக்கானிக். பழைய மாதிரிக் கதவு அது. கைப்பிடியைப் பிடித்து வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். பெட்டி வந்து நின்றால்தான் பூட்டு விட வேண்டும். இது சும்மாவே விட்டது. அவன் டார்ச் அடித்துப் பார்த்தான். அடியில், தரைத்தளத்தில், பெட்டியின் கூரை தெரிந்தது. கூரை மேல் தூசி. தூசி மேல் ஒற்றைச் செருப்பு.

"அது என்னோடதுதான் தம்பி" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "போன மாசம் போச்சு."

டீ கொடுக்கும் அக்கா. கையில் தட்டு, தட்டில் பன்னிரண்டு காலி கிளாஸ். அவள் லிஃப்டில் ஏறும் முறையை அன்றுதான் அவன் பார்த்தான். இரண்டு கையிலும் தட்டு இருப்பதால் முழங்கையைக் கைப்பிடியில் மாட்டி இழுப்பாள். கதவு கிளாஸில் இடிக்காதபடி உடம்பைத் திருப்பி, முதுகு காட்டி உள்ளே போவாள். இருபது வருடமாக அப்படித்தான்.

"போன மாசம் கால வச்சேன், கீழ ஒண்ணும் இல்ல. சட்டுனு இழுத்துக்கிட்டேன். செருப்பு மட்டும் போயிடுச்சு."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொன்னேன். எழுதிக் குடுன்னாங்க. எனக்கு அந்த மாதிரி எழுத வராதுப்பா."

அவன் பூட்டின் மேல் டார்ச் அடித்தான். பூட்டின் கொக்கி தேய்ந்து மழுங்கிக் கிடந்தது. நாற்பது நிமிட வேலை. புதுப் பூட்டுக்குக் கம்பெனிக்கு எழுத வேண்டும். எழுதிய தாளில் கட்டடத்துக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

கட்டடம், குறுந்திரைக்கதை அடிப்படைப் பயிற்சி நிறுவனத்துடையது. ஐந்து நிமிடத்துக்குள் ஓடும் படங்களுக்கு எழுதக் கற்றுத்தரும் இடம். தொடங்கி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இன்னும் ஒரு படம்கூட எடுக்கவில்லை. அடிப்படையே இன்னும் முடியவில்லை என்றார்கள். வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கேமரா இருந்தது. வாரம் ஒரு முறை கண்ணாடியைத் துடைத்தார்கள்.

மெக்கானிக் முதலில் செய்ய வேண்டியதைச் செய்தான். மொட்டை மாடியில் இருந்த மிஷின் அறைக்குப் போய் லிஃப்டை நிறுத்தினான். அரை மணி நேரத்தில் அவனைத் தலைவர் அறைக்கு அழைத்தார்கள். தலைவர் அறையும் நாலாவது மாடியில்தான்.

"என் முட்டி ரெண்டும் ராஜினாமா பண்ணி ஆறு வருஷம் ஆச்சு" என்றார் தலைவர். "லிஃப்ட் ஓடணும்."

"பூட்டு போயிடுச்சு சார். யாராவது விழுந்துடுவாங்க."

"எப்போ?"

"எப்போன்னு எப்படி சார் சொல்றது?"

"அது தெரியாம எப்படிக் கதை பண்றது?" என்றார் தலைவர். மிஷின் அறைச் சாவியை வாங்கி, ஆள் விட்டு லிஃப்டை மறுபடி ஓட வைத்து, சாவியைத் தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். அந்தப் பூட்டு நன்றாக வேலை செய்தது.

மெக்கானிக் ஒரு தாளில் எழுதினான்: 'நாலாவது மாடிக் கதவு, லிஃப்ட் இல்லாதபோதும் திறக்கிறது. பூட்டை மாற்ற வேண்டும்.' அதை நேரப் பரிசோதகரிடம் கொடுக்கச் சொன்னார்கள்.

நேரப் பரிசோதகர் ஒல்லியான மனிதர். கழுத்தில் ஸ்டாப் வாட்ச் தொங்கியது. எது தொடங்கினாலும் அவர் கட்டை விரல் தானாகப் போய் அதை அழுத்தும். மெக்கானிக் ஒரு தடவை தும்மினான். "ஒரு செகண்ட்" என்றார் அவர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்.

தாளை வாய்விட்டுப் படித்து, வாட்சைப் பார்த்தார்.

"மூணு செகண்ட். ரெண்டு வரி. எடுத்துக்க மாட்டாங்க."

"ஏன் சார்?"

"இந்தக் கட்டடத்துல எந்தத் தாளும் திரைக்கதை வடிவத்துலதான் நகரும். பக்கத்துக்கு நாப்பது வரி. ஒரு பக்கம் ஒரு நிமிஷம். அப்போ ஒரு வரி ஒண்ணரை செகண்ட். மூணு பக்கத்துக்குக் குறைஞ்சா அது படமே இல்ல. போன வருஷம் நம்ம காசாளர் அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு லீவு கேட்டார். திருப்பி அனுப்பிட்டாங்க."

"ஏன்?"

"அம்மா பாத்திரத்துல வளர்ச்சி இல்ல."

"அப்புறம்?"

"மூணாவது தடவை எழுதிக் குடுத்தார். குழு அழுதுடுச்சு. அதுக்குள்ள அம்மா நல்லாயிட்டாங்க. அதை எப்படி வாங்குறது? முடிவு பொருந்தலையே."

மெக்கானிக் கம்பெனி சூப்பர்வைசருக்குப் போன் போட்டான். சூப்பர்வைசர் முழுசாகக் கேட்டுவிட்டு, "கையெழுத்து இல்லாம பூட்டு வராதுப்பா. அங்கயே உக்காந்து கத்துக்கிட்டு எழுதிக் குடுத்துடு. ரெண்டு வாரம் உனக்கு வேற வேலை போடல" என்றார். இப்படியாகப் பத்தாவது வகுப்பைப் பாதியில் விட்ட லிஃப்ட் மெக்கானிக், நாற்பத்து நாலு வயதில், பத்து நாள் அடிப்படைப் பயிற்சியில் சேர்ந்தான்.

போகும்முன் ஓர் அட்டையில் 'லிஃப்ட் வந்துவிட்டதா என்று பார்த்து ஏறவும்' என எழுதிக் கதவில் தொங்கவிட்டான்.

வகுப்பும் நாலாவது மாடியில். பதினோரு மாணவர்கள். வாசல் ஓர நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தான். தலைவரே பாடம் எடுத்தார். கரும்பலகையில் எழுதினார்: ஒருவருக்கு ஒன்று வேண்டும். அது கிடைக்கவில்லை.

"இவ்வளவுதான் மொத்தக் கலையும். நீங்க சொல்லுங்க, உங்களுக்கு என்ன வேணும்?"

"பூட்டு சார்."

"ஏன் கிடைக்கல?"

"நீங்க கையெழுத்துப் போடல சார்."

வகுப்பு அதைக் குறித்துக்கொண்டது.

"பாத்தீங்களா!" தலைவரின் முகம் மலர்ந்தது. "இவர்கிட்ட கதை இருக்கு. இப்பவே நான் கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்?"

"பூட்டு வரும்."

"கதை செத்துரும்! அந்தப் பாவத்த ஒரு ஆசிரியரா நான் பண்ண மாட்டேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். "பதினோரு செகண்ட்" என்றார் நேரப் பரிசோதகர்.

வெளியே கைப்பிடி கிரீச்சிட்டது. மெக்கானிக் எழுந்து ஓடினான். அக்காவுக்கு முன்னால் போய் நின்று கதவைத் திறந்து, பெட்டி இருக்கிறதா என்று பார்த்து, அவளை உள்ளே அனுப்பிவிட்டு வந்தான்.

"உங்களுக்குத்தான் விஷயம் தெரியுமே அக்கா. திரும்பிப் பாத்து ஏறக் கூடாதா?"

"எனக்குத் தெரியும் தம்பி. என் முதுகுக்குத் தெரியணுமே. கை நிறைய கிளாஸ் இருக்கும்போது அது பாட்டுக்குப் போயிடுது."

"படியில போங்களேன்."

"போனேனே. டீ ஆறிடுச்சாம். இதப் பாரு."

மேலிடத்திலிருந்து அவளுக்கு வந்த குறிப்பாணை. அவன் படித்தான்: 'காட்சி 1. உள்ளே. பகல். தலைவர் அறை. தேநீர் வருகிறது. ஆவி இல்லை. தலைவரின் முகத்தில் ஏமாற்றம். அவர் ஜன்னல் வழியே வெகுதூரம் பார்க்கிறார். காட்சி 2. அதே இடம். புதிய தேநீர்க்காரி.'

"ரெண்டாவது காட்சியில வர்றது நான் இல்லையாம்" என்றாள் அக்கா. "டைப் அடிச்ச பொண்ணு சொல்லுச்சு."

ஒரு நாளைக்கு ஆறு தடவை கைப்பிடி கிரீச்சிடும். ஆறு தடவையும் அவன் ஓடினான். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே, 'காட்சியை விட்டு அடிக்கடி வெளியேறுகிறார்' என்று எழுதினார்கள்.

மூன்றாம் நாள் காலையில் அட்டையைக் காணோம். அன்றைய பாடம்: காட்டு, சொல்லாதே.

"சொல்றது சோம்பேறித்தனம்" என்றார் தலைவர். "காட்டணும். இந்தக் கட்டடத்துல ஒரு அறிவிப்புப் பலகை பாத்தீங்களா? கிடையாது. ஒம்பது வருஷம் முன்னாடி எல்லாத்தையும் கழட்டிட்டேன். நேத்து யாரோ லிஃப்ட் கதவுல ஒரு வாக்கியத்த மாட்டியிருந்தாங்க. பார்வையாளர இவ்வளவு கேவலமா யாரும் நினைக்கக் கூடாது. திறந்து பாத்தா அவங்களுக்கே புரியப்போகுது."

கழிப்பறைக் கதவுகளிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. திறந்து பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். முதல் நாளே மெக்கானிக் புரிந்துகொண்டிருந்தான். உள்ளே இருந்த அம்மாளும் புரிந்துகொண்டார்.

அவன் கைப்பிடியைக் கம்பி போட்டுக் கட்டினான். மதியம் தலைவர் வீட்டுக்குக் கிளம்பியபோது கம்பியை வெட்டினார்கள்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினான். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். எந்த டாக்டர் கையெழுத்தும் அவளுக்குப் புரியும். கணவனுடையதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அவள்தான் திருத்தி எழுதிக் கொடுத்தாள்.

"இதென்ன கேள்வி? கதவுக்கு என்ன ஆசை?"

"ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு ஆசை இருக்கணுமாம்."

"கதவுக்கு என்னங்க ஆசை இருக்கும்?"

"மூடிக்கணும்னு."

"நல்ல ஆசைதான். நம்ம குளியலறைக் கதவுக்கும் அதுல கொஞ்சம் குடுங்க. மூணு மாசமா சொல்றேன், ஊருக்கெல்லாம் கதவு பாக்குறவர் வீட்டுல வாளிய முட்டுக் குடுத்துக் குளிக்கிறோம்."

அவன் சிரிக்கவில்லை. அவள் பேனாவை வைத்தாள்.

"அந்த அக்காவ யாரு பாத்துக்கறா, நீங்க அங்க இல்லாதப்போ?"

"நான் இருக்கேனே."

"பயிற்சி முடிஞ்சப்புறம்?"

அவன் தாளைத் தன் பக்கம் இழுத்து அடுத்த வரியை எழுதினான்.

முதல் வரைவைக் குழு ஆறாம் நாள் படித்தது. குழு என்பது தலைவரும் நேரப் பரிசோதகரும், உடம்புக்கு முடியாததால் வராத ஒருவரும். அக்கா டீ கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பக்கம் பதினாறு வரி" என்றார் நேரப் பரிசோதகர். "முப்பத்தாறு செகண்ட் குறையுது."

"குறையுறது நேரம் மட்டும் இல்ல" என்றார் தலைவர். "இந்தப் பெண் ஏன் டீ கொண்டு வர்றா? யாரைத் தேடுறா?"

"யாரையும் தேடல சார். உங்களுக்குத்தான் கொண்டு வர்றாங்க."

"அது மேலோட்டம். ஆழமா ஏதாவது வேணும். சின்ன வயசுல ஒரு கிளாஸ் உடைஞ்சதா வைங்க. அப்புறம் முக்கியமான விஷயம், இவ விழவே இல்லையே."

"விழக் கூடாதுன்னுதானே சார் எழுதுறேன்."

"விழணும். ரெண்டாவது பக்கத்தோட கடைசியில விழணும். அப்பத்தான் மூணாவது பக்கத்துல பூட்டு மாத்துறதுக்கு ஒரு அர்த்தம் வரும். விழாமலே பூட்டு மாத்தினா யாருக்குக் கண்ணீர் வரும்?" அக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. விழுந்தா நல்லா இருக்கும்ல?"

"சரிங்க சார்" என்றாள் அக்கா. "சர்க்கரை போதுமா?"

மெக்கானிக் வீட்டுக்குப் போய் அவளை விழ வைத்தான். மனைவி திருத்தி எழுத மறுத்துவிட்டாள். அவனே கிறுக்கினான். இரண்டாம் பக்கத்தின் கடைசியில் மூன்று வரியில் விழுந்தாள். அவசரப்படுகிறான் என்று குழு சொன்னது. ஆறு வரியாக்கினான். போதவில்லை. ஏழாம் வரைவில் அக்கா இருபது வரிகளுக்கு விழுந்தாள். முதலில் தட்டு கை நழுவியது. பிறகு ஒவ்வொரு கிளாஸாகப் பிரிந்தது. மூன்றாம் மாடி வந்தது. சின்ன வயதில் உடைந்த கிளாஸ் வந்தது. இரண்டாம் மாடி வந்தது.

"முப்பது செகண்ட்" என்றார் நேரப் பரிசோதகர். "முப்பது செகண்ட் விழுறாங்க."

"சார், நாலு மாடிக்கு அவ்வளவு நேரம் ஆகாது" என்றான் மெக்கானிக்.

"நீங்க எத்தனை தடவை விழுந்திருக்கீங்க?" என்று கேட்டார் தலைவர்.

அந்த வேலையில் ஒரு தடவைக்கு மேல் யாரும் விழுவதில்லை.

ஒன்பதாம் நாள், மூன்று பக்கம், நூற்றிருபது வரி, நூற்றெண்பது செகண்ட். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'ஏற்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மெக்கானிக் கையை நீட்டினான்.

"அந்தத் தாளக் குடுங்க சார். இப்பவே கம்பெனிக்கு எடுத்துட்டுப் போறேன். சாயங்காலமே பூட்டு வந்துடும்."

"எந்தப் பூட்டு?"

"நாலாவது மாடிப் பூட்டு சார்."

தலைவர் மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அவர் விரல் வைத்த இடத்தில் இருந்தது: 'காட்சி 9. உள்ளே. பகல். மெக்கானிக் பழைய பூட்டைக் கழற்றிப் புதிய பூட்டைப் பொருத்துகிறான். கதவு மூடிக்கொள்கிறது.'

"அதான் மாத்தியாச்சே."

"அது கதையில சார்."

"எங்க கோப்புலயும் இதுதான் இருக்கு. பழுது பத்தி வந்த தாள் இது. பழுது சரியானதும் இதே தாள்ல இருக்கு. முடிஞ்ச விஷயத்துக்கு இன்னொரு பூட்டு கேட்டா அது ரெண்டாம் பாகம். ரெண்டாம் பாகம் எழுத நீங்க இடைநிலைப் பயிற்சியில சேரணும்."

"அது எப்போ சார் ஆரம்பிக்குது?"

"அடிப்படை முடிஞ்சதும்."

மெக்கானிக் நேரப் பரிசோதகரைப் பார்த்தான். அவர் வாட்சைப் பார்த்தார்.

பத்தாம் நாள் சான்றிதழ் விழா. வகுப்பறையிலேயே இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு மேடை ஆக்கியிருந்தார்கள். எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள். மெக்கானிக் வாசல் ஓர நாற்காலியில் உட்கார்ந்து அக்காவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் காலி கிளாஸ்களைப் பொறுக்கித் தட்டில் அடுக்கத் தொடங்கியபோது தலைவர் அவனை மேடைக்குக் கூப்பிட்டார். இந்த ஆண்டின் சிறந்த அடிப்படைத் திரைக்கதை.

"ஒரு நிமிஷம் சார்" என்றான்.

"மேடைக்கு வாங்க. காட்சியை விட்டு வெளியேறாதீங்க."

ஏறினான். தலைவர் அவன் தோளில் கை போட்டு, அந்தக் கையை எடுக்காமலே பேசினார்.

"பத்து நாள் முன்னாடி இவர் நம்மகிட்ட ரெண்டு வரியோட வந்தார். ஒரு கதவு திறக்குது, பூட்டை மாத்துங்க. எவ்வளவு வறட்சி! அதுல மனுஷங்க இருந்தாங்களா? நாம குடுத்தோம். வலி இருந்துச்சா? நாம குடுத்தோம். இன்னைக்கு இவர் திரைக்கதையில ஒரு ஏழைப் பெண் அரைப் பக்கம் விழுறா. நான் அழுதேன். என் அறைக்கு வெளியில ஒரு கதவு இருக்குன்னு ஆறு வருஷத்துல எனக்கு முதல் தடவையா உறைச்சுது. இதத்தான் நாங்க அடிப்படைன்னு சொல்றோம். நிஜத்த யாரு வேணும்னாலும் சரி பண்ணிடலாம். அத..."

கைப்பிடி கிரீச்சிட்டது.

அவன் தோளில் இருந்த கையைத் தட்டிவிட்டுக் குதித்தான். ஒரு நாற்காலி சரிந்தது. வாசலைத் தாண்டினான். கதவு திறந்திருந்தது. அக்கா முதுகைக் காட்டி அதற்குள் போய்க்கொண்டிருந்தாள். அவள் முகம் அவனைப் பார்த்து இருந்தது. "என்ன தம்பி" என்று கேட்க வாயைத் திறந்தாள். வலது குதிகாலுக்குக் கீழே எதுவும் இல்லை.

அவன் அவள் முழங்கையைப் பிடித்தான். பிடித்து, அப்படியே பின்னால் விழுந்தான். அவளும் அவன் மேல் வந்து விழுந்தாள். தட்டு போய்விட்டது.

சத்தம் வந்தது. பன்னிரண்டு கிளாஸும் சேர்ந்து ஒரே சத்தம்.

எல்லோரும் வெளியே வந்து கதவைச் சுற்றி நின்றார்கள். தலைவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நேரப் பரிசோதகரின் கட்டை விரல் வாட்சின் மேல் இருந்தது. அவர் மெக்கானிக்கின் பின்னாலேயே வாசலுக்கு வந்திருந்தார்; தட்டு நழுவியதும் ஒரு தடவை, சத்தம் வந்ததும் ஒரு தடவை, அது தானாகப் போய் அழுத்தியிருந்தது.

"எவ்வளவு?" என்றார் தலைவர்.

"ஒண்ணரை செகண்ட் சார்."

"அப்படின்னா?"

"ஒரு வரி."

தலைவர் மெக்கானிக் பக்கம் திரும்பினார். அவன் இன்னும் தரையில்தான் இருந்தான். அக்காவின் முழங்கையை விடவில்லை.

"இருபது வரி எழுதியிருக்கீங்களே" என்றார் தலைவர். அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "பத்தொம்பது வரி அதிகம். அத எடுத்துட்டா மூணு பக்கம் வராது. மூணு பக்கம் வரலைன்னா சான்றிதழ் செல்லாது. தப்பா நினைக்காதீங்க, இது உங்க தப்பு இல்ல. நேரம் அப்படி."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. புடவையின் விளிம்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். திறந்திருந்த கதவைப் பார்த்தாள். பிறகு நேரப் பரிசோதகரின் கழுத்தில் தொங்கியதைப் பார்த்தாள். டீக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்கும் அதே குரலில் கேட்டாள்:

"தட்டுக்கு ஒரு வரி. தட்டோட நானும் போயிருந்தா, அப்பவும் அதே ஒரு வரிதானா சார்?"